பெரிய வீட்டுக் குழு: சுப்புவின் பெட்டி

அக்டோபர் 11

கார்த்தி: [படம்] பெட்டி தயார். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். 18 மில்லி பிர்ச் ப்ளைவுட். தண்ணீர் அடிப்படையிலான பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு கோட்டு அடித்தாயிற்று. தொட்டால் ஒட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை நிலாவின் பிறந்தநாள், அன்று சுப்புவைக் குடியேற்றலாம் என்று இருக்கிறேன். சித்தப்பா, பார்த்துச் சொல்லுங்கள்.

லதா அத்தை: சுப்பு யாருப்பா?

பாலா: அண்ணன் வீட்டு ஓணான், அத்தை.

லதா அத்தை: வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை கேட்டிருக்கிறேன். இவன் அதற்குத் தேக்கில் வீடு கட்டுகிறானா?

கார்த்தி: தேக்கு இல்லை அத்தை, ப்ளைவுட். அது நம்ம வேலி ஓணானும் இல்லை. பியர்டட் டிராகன், பூர்வீகம் ஆஸ்திரேலியா. அங்கிருந்து ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. இங்கிலாந்தில், இந்த லீட்ஸ் கடைகளில் விற்பதெல்லாம் இங்கேயே வளர்ப்பில் பொரித்தவை.

ராசு சித்தப்பா: பெட்டி நேராக இருக்கிறது. பலகையை அறுத்த வெட்டு வாயைக் கிட்டே எடுத்து ஒரு படம் போடு.

கார்த்தி: [படம்]

ராசு சித்தப்பா: நினைத்தேன். முகப்பு மினுங்குகிறது, வெட்டு வாய் வறண்டு கிடக்கிறது. ப்ளையில் வெட்டு வாய்தான் தண்ணீரைக் குடிக்கும். முகப்புக்கு இரண்டு கோட்டு என்றால் அதற்கு நான்கு வேண்டும். முதல் கோட்டில் கொஞ்சம் தண்ணீர் கலந்து நீர்க்க அடி, உள்ளே இறங்கட்டும். காய்ந்ததும் நார் எழும்பி நிற்கும். 240 உப்புத்தாளால் லேசாகத் தடவிவிட்டு, தூசியைத் துடைத்துவிட்டு அடுத்தது.

ராசு சித்தப்பா: வெளிப்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் அடித்தாயா?

கார்த்தி: உள்ளே மட்டும்தான் சித்தப்பா. அதற்குத்தானே பாதுகாப்பு வேண்டும்?

ராசு சித்தப்பா: ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்திருந்தால் ஈரம் ஒரு வழியாகவே போய்வரும். பலகை வில்லாக வளையும். அப்புறம் கண்ணாடிக் கதவு ஓடாது. இரண்டு பக்கமும் அடி.

மீனா அக்கா: சித்தப்பா சொல்வதைச் செய். ஆனால் அடுத்த சனிக்கிழமை என்பதை மறந்துவிடு கார்த்தி.

கார்த்தி: ஏன் அக்கா? டப்பாவில் 2 மணி நேரத்தில் அடுத்த கோட்டு அடிக்கலாம் என்று போட்டிருக்கிறது. இதற்கு ஒரு வாரமே அதிகம் இல்லையா?

மீனா அக்கா: 2 மணி நேரம் என்பது அடுத்த கோட்டைத் தாங்குவதற்கு. உள்ளே ஒரு உயிரை அடைத்து, மேலே விளக்குப் போட்டுச் சூடேற்றுவதற்கு இல்லை. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் முழுதாக இறுக எத்தனை நாள் என்று இருக்கும், பார்.

கார்த்தி: இருக்கிறது. 20 டிகிரியில் 21 முதல் 28 நாள்.

அனு: அண்ணி, இந்த வார்னிஷில் வாடையே இல்லை. பொம்மைக்குக்கூட அடிக்கலாம் என்று போட்டிருப்பதால்தான் நான் இதை வாங்கச் சொன்னேன். இஎன் 71-3 முத்திரை இருக்கிறது.

மீனா அக்கா: நல்ல வார்னிஷ்தான் அனு, அதில் குறை இல்லை. அந்த முத்திரை, குழந்தை பொம்மையை வாயில் வைத்தால் ஈயம், காட்மியம் போன்றவை அளவுக்கு மேல் கரைந்து வருமா என்று பார்ப்பது. அதுவும் காய்ந்து முடிந்த பூச்சுக்கு. மூடிய பெட்டிக்குள் காற்றில் என்ன கலக்கும் என்பது அந்தச் சோதனையில் கிடையாது.

பாலா: அக்கா சொல்வது சரி. எங்கள் பாடத்தில் இது வருகிறது. தண்ணீர் வார்னிஷில் பிசின் குட்டிக் குட்டி உருண்டைகளாக மிதக்கும். தண்ணீர் ஆவியானதும் அவை நெருங்கி ஒன்றோடொன்று உருகிச் சேர வேண்டும். அதற்காகவே கிளைக்கால் ஈதர் மாதிரி மெதுவாக ஆவியாகும் கரைப்பான் கொஞ்சம் சேர்க்கிறார்கள். தண்ணீர் மணிக்கணக்கில் போய்விடும். இது வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும்.

லதா அத்தை: பாலா படிக்கிறான் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

மீனா அக்கா: அந்த மிச்சம்தான் பிரச்சினை. சாதாரண மேசை என்றால் அறைக்காற்றில் கலந்து போய்விடும். இங்கே 4 அடிப் பெட்டி, கண்ணாடிக் கதவு, ஒரு ஓரத்தில் வெயில் காய 40 டிகிரி சூடு. சூடு ஏற ஏற கசிவும் கூடும். சுப்பு அந்தக் காற்றை இரவும் பகலும் இழுக்க வேண்டும், எழுந்து பக்கத்து அறைக்குப் போக முடியாது. பல்லி இனத்துக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, விலா எலும்புத் தசையை வைத்துத்தான் மூச்சு. நம்மைப் போல இருமிச் சளியை வெளியே தள்ளவும் முடியாது. நுரையீரலில் ஒன்று பிடித்தால் லேசில் விடாது.

ராசு சித்தப்பா: இவ்வளவு தொல்லை எதற்கு? ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து பிரெஞ்ச் பாலிஷ் போடச் சொல். ஸ்பிரிட் பறந்தால் மிச்சம் அரக்கு மட்டும். மாத்திரைக்கு மேலேயே அரக்குப் பூச்சு போடுகிறார்கள்.

மீனா அக்கா: வாடைக்கு அது நல்லதுதான் சித்தப்பா. ஆனால் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தால்?

ராசு சித்தப்பா: வெள்ளை பூக்கும். ஆமாம், தண்ணீருக்கு ஆகாது.

மீனா அக்கா: சுப்பு பெரும்பாலும் கழிப்பது தரையில்தான். தினமும் ஈரத்துணி, வாரம் ஒரு முறை கிருமிநாசினி. அரக்கு தாங்காது.

ராசு சித்தப்பா: சரி, விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று, மெலமைன் பாலிஷ் பக்கம் யாரும் போக வேண்டாம். எங்கள் பட்டறையில் அதை அடித்த அன்று கண்ணைத் திறக்க முடியாது.

மீனா அக்கா: அது ஃபார்மால்டிஹைடு சித்தப்பா. இறுகும்போது வெளியே வரும். முதலில் நீங்கள் முகமூடி போடுகிறீர்களா, அதைச் சொல்லுங்கள்.

ராசு சித்தப்பா: துண்டு கட்டிக்கொள்வேன்.

மீனா அக்கா: துண்டு தூசிக்குத்தான். ஆவிக்குக் கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். பாலா, அப்பாவுக்கு ஒன்று வாங்கிக் கொடு.

பாலா: சரி அக்கா. இயற்கையாக ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் என்ன? நிறையப் பேர் சொல்கிறார்கள்.

ராசு சித்தப்பா: இயற்கை என்று சொல்லி விற்கும் காய்ச்சின எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்பு கலந்திருக்கும். கலக்காததை வாங்கினால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துத்தான் உலர்த்த வேண்டும். எனக்கு அந்த எண்ணெய் பிடிக்கும், ஆனால் ஓணான் பெட்டிக்கு வேண்டாம்.

லதா அத்தை: வாடைதான் கவலை என்றால் உள்ளே கொஞ்சம் சாம்பிராணி போட்டு மூடி வையேன்.

மீனா அக்கா: ஐயோ அத்தை! அது வாடையைப் போக்காது, மேலே இன்னொரு புகையைப் பூசும். கற்பூரம், அந்துருண்டை எதுவும் கூடாது. மூக்குக்கு எது உண்மையான வாடை என்று தெரிய வேண்டும், நமக்கு அதுதான் சோதனைக் கருவி.

கார்த்தி: சரி. அப்படியானால் கராஜிலேயே ஒரு மாதம் கிடக்கட்டும்.

ராசு சித்தப்பா: கராஜில் எவ்வளவு குளிர்?

கார்த்தி: காலையில் 7, 8 டிகிரி. மதியம் 11.

ராசு சித்தப்பா: அங்கே ஒரு மாதம் இல்லை, பொங்கல் வரை கிடந்தாலும் இறுகாது.

பாலா: அதுதான் நான் சொன்ன உருண்டைக் கதை. குளிரில் அவை உருகிச் சேராமல் தனித்தனியாக நின்றுவிடும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், தேய்த்தால் மாவாக வரும். பெரும்பாலான தண்ணீர் வார்னிஷ் டப்பாவில் 10 டிகிரிக்குக் கீழே அடிக்காதே என்று இருக்கும்.

ராசு சித்தப்பா: நகத்தால் ஒரு ஓரத்தில் அழுத்திப் பார். பள்ளம் விழுந்தால் இன்னும் பச்சை.

கார்த்தி: பள்ளம் விழுகிறது.

ராசு சித்தப்பா: வீட்டுக்குள் கொண்டு போ. கதவுகளைக் கழற்றிவிடு. பெட்டியை நான்கு கட்டை மேல் வை, அடியிலும் காற்று போகட்டும். ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். ஒவ்வொரு கோட்டும் மெல்லிசாக. சீக்கிரம் முடிக்கிறேன் என்று கெட்டியாக அப்பினால் மேல் தோல் மூடிக்கொள்ளும், அடியில் ஈரம் மாட்டிக்கொள்ளும்.

அனு: எந்த அறைக்குள்?

கார்த்தி: விருந்தினர் அறை.

அனு: நவம்பர் கடைசியில் என் அம்மா வருகிறார், ஞாபகம் இருக்கட்டும்.

மீனா அக்கா: நிலா அங்கே படுக்க வேண்டாம், சுப்புவின் பழைய தொட்டியும் அந்த அறையில் வேண்டாம். பிறந்தநாளுக்குப் பெட்டியைக் காட்டு, பெயர்ப்பலகை எழுதச் சொல். சுப்பு இல்லாமலே கேக் வெட்டலாம்.

பாலா: அக்கா, நானும் ஒன்று வளர்க்கலாமா? இங்கே ஒருவர் நட்சத்திர ஆமை தருவதாகச் சொல்கிறார்.

மீனா அக்கா: பாலா, அதை வாங்கினால் நேராக வனத்துறை வழக்குத்தான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, முதல் அட்டவணை. அந்த ஆளின் எண்ணை முதலில் அழி.

அக்டோபர் 26

கார்த்தி: வெட்டு வாய் நான்கு கோட்டு, மற்ற எல்லாப் பக்கமும் மூன்று. அறை 20 டிகிரி. நகம் பதிவது குறைந்திருக்கிறது. இப்போது மூலை இடுக்குகளை அடைக்க சிலிக்கான் பசை போடலாமா? குளியலறைக்கு வாங்கியது அரை டியூப் இருக்கிறது.

மீனா அக்கா: டியூபில் பூஞ்சை பிடிக்காது என்று போட்டிருக்கிறதா?

கார்த்தி: ஆமாம், அது நல்லதுதானே?

மீனா அக்கா: குளியலறைக்கு நல்லது. பூஞ்சையைக் கொல்ல அதில் மருந்து கலந்திருக்கும். மீன்தொட்டிக்கு என்று தனியாக விற்பதை வாங்கு, அதில் அந்த மருந்து இருக்காது.

ராசு சித்தப்பா: எதுவானாலும் இப்போது போடாதே. சிலிக்கான் மேல் வார்னிஷ் ஒட்டாது. எங்காவது ஒரு கோட்டு திருத்த வேண்டி வந்தால் மாட்டிக்கொள்வாய். வார்னிஷ் முழுதாக இறுகட்டும், கடைசியில் சிலிக்கான்.

கார்த்தி: தரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இடத்தில் 2 மில்லி இடைவெளி இருக்கிறது சித்தப்பா.

ராசு சித்தப்பா: அதே பலகையை இழைத்த தூளோடு மரப்பசை குழைத்து அடை. காய்ந்ததும் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் வார்னிஷ். கடை லப்பம் வேண்டாம், தண்ணீர் பட்டால் உதிரும்.

நவம்பர் 15

கார்த்தி: [படம்] நகம் பதியவில்லை. தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டேன், முத்து முத்தாக நின்றது, பலகை கறுக்கவில்லை. சிலிக்கான் போன வாரமே போட்டாயிற்று. இன்று விளக்கு மாட்டி, கதவை மூடி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வைத்து 6 மணி நேரம் ஓட்டினேன். சுப்பு இல்லாமல்தான். திறந்ததும் ஒரு புளிப்பு வாடை.

மீனா அக்கா: வினிகர் மாதிரியா, பெயின்ட் மாதிரியா?

கார்த்தி: வினிகர். சூடான பக்கத்துப் பின்மூலையில் மட்டும். மற்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

பாலா: அப்படியானால் வார்னிஷ் இல்லை, சிலிக்கான். காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும். வினிகரும் அதுதான். ஒரு நாளைக்கு 2, 3 மில்லி ஆழம்தான் இறுகும். அந்த மூலையில் தடிமனாகப் போட்டிருப்பாய்.

கார்த்தி: ஆமாம், அங்கே கொஞ்சம் தாராளமாக.

ராசு சித்தப்பா: பிளேடால் அந்தக் குமிழை நடுவில் கீறிப் பார். உள்ளே பசை மாதிரி இருந்தால் வழித்து எடுத்துவிட்டு மெல்லிசாகப் போடு.

மீனா அக்கா: அதற்குப் பிறகும் விளக்குச் சோதனையை விடாதே. தினமும் காலையில் சூடேற்று, மாலையில் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து பார். கதவைத் திறந்தவுடன் முதல் மூச்சுதான் கணக்கு, ஒரு நிமிடம் நின்றால் மூக்கு பழகிவிடும். அனுவையும் மோந்து பார்க்கச் சொல், வார்னிஷோடு நீ ஒரு மாதம் குடித்தனம் நடத்தியிருக்கிறாய். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் சில நாள் வாடை இல்லை என்றால் சரி.

மீனா அக்கா: காற்றுத் துளை எங்கே வைத்தாய்?

கார்த்தி: சூடான பக்கம் மேலே, குளிர்ந்த பக்கம் கீழே.

மீனா அக்கா: நல்லது. துளையின் உள் விளிம்புக்கும் வார்னிஷ் போயிருக்கிறதா பார். வயர் போகும் ஓட்டையும்தான்.

நவம்பர் 23

கார்த்தி: [படம்] சுப்பு குடியேறிவிட்டது. வெயில் காயும் கல்லின் மேல் 41, குளிர்ந்த ஓரம் 25, ஈரப்பதம் 36 சதவீதம். விளக்குக்கு நேர் கீழே பலகை தெரியாமல் ஸ்லேட் கல் போட்டிருக்கிறேன்.

மீனா அக்கா: அளவுகள் சரி. முதல் வாரம் சாப்பாட்டைக் குறித்து வை. வெயில் காயும்போது வாயைத் திறந்து வைத்திருந்தால் பயப்படாதே, சூட்டைத் தணிக்க அப்படிச் செய்யும். குளிர்ந்த பக்கத்தில் இருந்துகொண்டு வாயைத் திறந்தாலோ, மூக்கில் நுரை வந்தாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ உடனே பழைய தொட்டிக்கு மாற்றிவிட்டு அங்கே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போ. பழைய தொட்டியை இப்போதே விற்றுவிடாதே.

லதா அத்தை: பெயர்ப்பலகையில் நிலா என்ன எழுதியிருக்கிறாள்? கண்ணாடி இல்லை, படிக்க முடியவில்லை.

அனு: "சுப்பு இல்லம்". கீழே வாடகை 5 பவுண்டு என்று போட்டிருக்கிறாள்.

ராசு சித்தப்பா: மிச்ச வார்னிஷை என்ன செய்தாய்?

கார்த்தி: கால் டப்பா இருக்கிறது சித்தப்பா. கராஜில் வைத்திருக்கிறேன்.

ராசு சித்தப்பா: தண்ணீர் வார்னிஷ் குளிரில் உறைந்தால் திரிந்துவிடும், அப்புறம் கலக்கினாலும் சேராது. வீட்டுக்குள் எடுத்து வை. கீறல் விழுந்தால் தொட்டு வைக்க அதுதான் வேண்டும்.

அனு: வீட்டுக்குள் என்றால் விருந்தினர் அறை இல்லை. வெள்ளிக்கிழமை அம்மா வருகிறார். அந்த நான்கு கட்டைகளும் உப்புத்தாளும் இன்று மாலைக்குள் வெளியே போக வேண்டும்.

கார்த்தி: சரி.