புது டிஸ்க், புது பேட் போட்டும் பிரேக் கீச்சிடுகிறது, எங்கே பார்ப்பது?

காரின் முன் சக்கரங்களுக்கு, சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க், அதை இறுக்கிப் பிடிக்கும் பேட் இரண்டையும் புதிதாக மாற்றியாகிவிட்டது, ஆனால் பழையது தேய்ந்து கிடந்தபோதுகூட வராத கீச்சுச் சத்தம் இப்போது வருகிறது. வேகமாகப் போகும்போது பிரேக் பிடித்தால் ஒன்றுமில்லை. சிக்னலை நெருங்கி மெதுவாக உருளும்போது பெடலை லேசாகத் தொட்டால்தான் காதைக் கிழிக்கிறது. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் உடனே அடங்கிவிடுகிறது. பெடலிலோ ஸ்டியரிங்கிலோ அதிர்வு இல்லை, வண்டி ஒரு பக்கம் இழுக்கவும் இல்லை, அதனால் டிஸ்க் கோணல் என்று தோன்றவில்லை.

மெக்கானிக் "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்கிறார். புது பேட் டிஸ்க்கோடு படியக் கொஞ்சம் ஓட வேண்டும் என்பது சரிதான், அதற்காகக் காலியான சாலையில் 50, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து, முழுதாக நிறுத்தாமல், பலமுறை வேகம் குறைத்து இடையிடையே ஆறவிட்டும் பார்த்தேன். மாற்றமில்லை. எனக்குச் சந்தேகம் வேறு: பேட் உட்காரும் இடத்திலுள்ள கிளிப்புகள் பழையவையே, பேட்டின் பின்பக்கம் அதிர்வைத் தணிக்கும் மெல்லிய ஷிம் தகடும் இல்லை, கிரீஸும் தெரியவில்லை. பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின்கள் கையால் தள்ளினால் நன்றாக நகர்கின்றன.

கழற்றினால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? பேட் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் உப்புத்தாளால் தேய்த்தால் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா? தேய்மானம் காட்டும் அந்தச் சின்னத் தகடு வளைந்து டிஸ்க்கில் உரசினால் பிரேக் பிடிக்காதபோதும் சத்தம் கேட்க வேண்டுமே? அப்புறம், செமி மெட்டாலிக் (உலோகத் துகள் கலந்த) பேட் என்றால் சகித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை ஏற்கெனவே கேட்டாயிற்று.