பழைய உளவுப் படங்களிலிருந்து சென்னையின் ரயில் பாதைகளை வாசிப்பது எப்படி?

கேள்வி: கொருக்குப்பேட்டையான்

அனைவருக்கும் வணக்கம். சென்னையின் ரயில் பாதைகள் 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் எங்கெங்கே கிடந்தன, எது எதனோடு இணைந்திருந்தது என்பதை வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு வரைந்து பார்க்க விரும்புகிறேன். கால அட்டவணைகள் பயணிகள் வண்டிகளைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. வடசென்னையை உருவாக்கிய சரக்குப் பாதைகளும் சைடிங்குகளும் (வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் கிளைப் பாதைகள்) அவற்றில் இல்லை. எங்கள் பகுதியில் சில தெருக்கள் ஏன் திடீரென்று வில்போல வளைகின்றன, சில குடியிருப்புகளைச் சுற்றி மூன்று பக்கமும் தண்டவாளம் எப்படி வந்தது என்ற கேள்விகள் எனக்குச் சிறுவயது முதலே உண்டு.

அமெரிக்காவின் கரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள் 1995-இல் பொதுப் பார்வைக்கு விடப்பட்டன. அவற்றில் சென்னையின் மேல் மேகமில்லாத, கடைசி வகையான கேஎச்-4பி கேமராவில் எடுத்த ஒரு படத்தைத் தரவிறக்கி வைத்திருக்கிறேன். துறைமுகம், கோட்டை, கூவம், பக்கிங்காம் கால்வாய், மயிலாப்பூர் தெப்பக்குளம் ஆகியவை பார்த்தவுடன் அடையாளம் தெரிகின்றன. ஆனால் பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே போனால் சாம்பல் நிற இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கின்றன. எது அகலப்பாதை, எது மீட்டர்கேஜ் என்று இதில் பிரித்தறிய முடியுமா? பயன்பாட்டில் இருந்த பாதையையும் கைவிடப்பட்ட பாதையையும் எப்படி வேறுபடுத்துவது? இந்தத் துறையில் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: நிழலளவு

முதலில் உங்கள் படத்தால் எது முடியும், எது முடியாது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கேஎச்-4பி கேமராவின் குவியத் தொலைவு சுமார் 61 சென்டிமீட்டர். செயற்கைக்கோள் பறந்த உயரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஃபிலிமில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஏறக்குறைய 250 மீட்டர் என்று கிடைக்கும். ஃபிலிம் மிக நுண்மையானது என்பதால் நல்ல படத்தில் சுமார் 1.8 மீட்டர் அளவுள்ள பொருள்வரை பிரிந்து தெரியும். அகலப்பாதையின் இரண்டு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1,676 மில்லிமீட்டர், மீட்டர்கேஜில் 1,000 மில்லிமீட்டர். ஆகவே தண்டவாளம் எதுவும் உங்களுக்குத் தெரியவில்லை; நீங்கள் பார்ப்பது ஜல்லி பரப்பிய மேடையை மட்டும்தான். அந்த இழையின் தடிமனை அளந்து கேஜை, அதாவது தண்டவாளங்களின் இடைவெளியை, கண்டுபிடிக்கும் முயற்சியைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள்.

சாலையிலிருந்து ரயில் பாதையைப் பிரிப்பது அவ்வளவு கடினமில்லை. ரயில் பாதை செங்கோணத்தில் திரும்பாது, இன்னொரு பாதையோடு சேரும்போது மிகக் குறுகிய கோணத்தில் தழுவிச் சேரும், பள்ளம் வந்தால் கரை எழுப்பிக்கொண்டும் மேடு வந்தால் வெட்டிக்கொண்டும் ஒரே சீராகப் போகும். நகரச் சாலையோ வீட்டு வரிசைக்கும் குளக்கரைக்கும் ஏற்ப நெளியும். கேஎச்-4பி செயற்கைக்கோளில் முன்நோக்கியும் பின்நோக்கியும் சாய்ந்த இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒரே இடத்தை இரண்டும் எடுத்த படங்களை இணையாக வைத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படத்தைக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் கருவியில் பார்த்தால் கரைகளும் மேம்பாலங்களும் எழுந்து நிற்கும். உங்களிடம் ஒரு படம்தான் இருக்கிறது என்றால் அதன் இணையையும் தேடி எடுங்கள். குழப்பத்தில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

இதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது, ரயில் வலையமைப்பைக் கோடுகளாகப் பார்க்காமல் முடிச்சுகளாகப் பார்க்க வேண்டும் என்பதை. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் மெட்மென்ஹாமில் இயங்கிய பட ஆய்வு மையத்தினர் ஐரோப்பாவின் ரயில் போக்குவரத்தை அப்படித்தான் வாசித்தார்கள். யார்டில் எத்தனை வேகன்கள் நிற்கின்றன, எஞ்சின் ஷெட்டில் கூட்டம் கூடியிருக்கிறதா, நேற்றைய படத்தில் இருந்த சரக்கு வண்டி இன்று எங்கே என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். 1944-இல் நார்மண்டி படையெடுப்புக்கு முன் பிரிட்டிஷ் அறிவியல் ஆலோசகர் சாலி சக்கர்மன் முன்வைத்த திட்டமும் எஞ்சின் ஷெட்டுகளையும் பழுதுபார்க்கும் இடங்களையும் யார்டுகளையும் குறிவைத்தது. வெறும் பாதையைக் குண்டு வீசி அறுத்தால் விரைவிலேயே ஒட்டுப்போட்டுவிடுவார்கள், ஷெட் போனால் எஞ்சினே ஓடாது என்பது அதன் அடிப்படை. பாலங்களை உடைப்பதே மேல் என்று வாதிட்டவர்களும் அன்று இருந்தார்கள். பின்னர் பிரான்சின் செயின் நதிப் பாலங்கள் தகர்க்கப்பட்டபோது அவர்கள் சொன்னதிலும் உண்மை இருப்பது தெரிந்தது. அழிப்பதற்காக உருவான முறை என்றாலும், ஒரு நகரத்தின் ரயில் பாதைகள் உண்மையில் எப்படி வேலை செய்தன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடக் கூர்மையான வழியை நான் அறியேன்.

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாக: ஒரே படத்தை வைத்துப் பாதை கைவிடப்பட்டதா என்று சொல்லாதீர்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் எடுத்த படத்தையும் மே மாத வறட்சியில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கேங்மேன்கள் பராமரிக்கும் பாதையின் ஓரம் இரண்டிலும் கூர்மையாக இருக்கும். பராமரிப்பில்லாத பாதையில் மழைக்குப் பின் புல்லும் புதரும் ஏறி ஓரம் கலங்கிவிடும்.

பதில்: ஓய்வுபெற்ற பாதை ஆய்வாளர்

தம்பி, மேலே நண்பர் சொன்னது முழுவதும் சரி. ஆனால் கேஜைக் கண்டுபிடிக்க வழியே இல்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி இணைப்பு. அகலப்பாதையும் மீட்டர்கேஜும் சாதாரண பாயிண்ட்ஸில் (வண்டி ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம்) ஒன்றோடொன்று சேர முடியாது. ஓர் அகலப்பாதை வேகன் மீட்டர்கேஜுக்குள் போகாது. சரக்கை ஆட்கள் இறக்கி, நடந்து, எதிரே நிற்கும் வேகனில் ஏற்ற வேண்டும். எனவே இரண்டு கொத்துப் பாதைகள் நெடுந்தூரம் அருகருகே ஓடியும் ஓரிடத்தில்கூடக் குறுக்கே இணையவில்லை என்றால், அவை இரண்டு கேஜ்கள் என்று சந்தேகிக்கலாம். நடுவில் நீண்ட ஒடுக்கமான மேடையோ கொட்டகையோ இருந்து, அதன் இரு பக்கமும் பாதைகள் வந்து முட்டி நின்றால் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிறது. ஒரு தண்டவாளத்தைப் பொதுவாக வைத்து மூன்று தண்டவாளம் போட்ட கலப்புப் பாதைகளும் உண்டு. அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இதன் பொது அமைப்பு எளியது. வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்தது அகலப்பாதை. அது மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் சொத்து. தெற்கிலிருந்து தாம்பரம், மாம்பலம், எழும்பூர் வழியாகக் கடற்கரை நிலையத்துக்கு வந்தது சவுத் இந்தியன் ரயில்வேயின் மீட்டர்கேஜ். அதில் 1931-லிருந்தே மின்சார ரயில் ஓடியது. 1951-இல் தெற்கு ரயில்வே உருவாகி இரண்டும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்த பிறகும் கேஜ் மாறவில்லை. இரண்டும் நெருங்கி வருவது துறைமுகத்தை ஒட்டிய பகுதியில். உங்கள் ஆய்வுக்கு வளமான இடம் அதுவே.

இரண்டாவது வழி வளைவு. நாங்கள் வேலை பார்த்தபோது இரண்டு கேங்மேன்கள் தண்டவாளத்தின் உள்விளிம்பில் 20 மீட்டர் நூலை இழுத்துப் பிடிப்பார்கள். நான் குனிந்து நடுப்புள்ளியில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே ஸ்கேலை வைத்து அளப்பேன். நூல் கொஞ்சம் தொய்ந்தாலும் கணக்கு கெட்டுவிடும். அந்த இடைவெளிக்கு வெர்சைன் என்று பெயர். நூலின் நீளத்தை அதாலேயே பெருக்கி, எட்டு மடங்கு வெர்சைனால் வகுத்தால் வளைவின் ஆரம் கிடைக்கும். இதைப் படத்திலும் செய்யலாம். இந்திய ரயில்வேயில் அகலப்பாதைக்கு அனுமதிக்கப்பட்ட மிகக் கூரிய வளைவு 10 டிகிரி, அதாவது 175 மீட்டர் ஆரம். மீட்டர்கேஜுக்கு 16 டிகிரி, 109 மீட்டர் ஆரம். படத்தில் 100 மீட்டர் நாண் வரைந்தால் அகலப்பாதையில் வெர்சைன் சுமார் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. மீட்டர்கேஜில் பதினொன்றரை மீட்டர்வரை போகலாம். நாலரை மீட்டர் வித்தியாசத்தை உங்கள் படம் காட்டும். வளைவு கூரியதாக இருந்தால் அது அகலப்பாதையின் ஓட்டப்பாதை (வண்டிகள் வழக்கமாக ஓடும் பாதை) இல்லை என்று சொல்லலாம்; மென்மையாக இருந்தால் அதிலிருந்து எதையும் சொல்ல முடியாது.

கொருக்குப்பேட்டையான்

ஐயா, இருவருக்கும் மிக்க நன்றி. வெர்சைன் முறையைப் படித்த உடனே அளக்கத் தொடங்கினேன். ஆனால் ஒரே வளைவை இரண்டு படங்களில் அளந்தால் இரண்டு விடை வருகிறது. படத்தை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்தும்போது ஏதோ இழுபடுகிறது என்று தோன்றுகிறது. கடற்கரை ஓரம், பாலங்கள், ரயில் பாதைகள் வெட்டிக்கொள்ளும் இடங்கள் ஆகியவற்றைப் பொருத்தும் புள்ளிகளாக எடுத்திருக்கிறேன்.

பதில்: வரைபடத் தோழி

சிக்கல் அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது. சென்னையில் கடற்கரையை நம்பி எந்தப் படத்தையும் பொருத்தக் கூடாது. துறைமுகம் கட்டப்பட்ட பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே வந்தது, வடக்கே இராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்துக்கொண்டே போனது. கூவத்தின் முகத்துவாரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். ரயில் பாதைகளையும் புள்ளியாக எடுக்காதீர்கள். எதை அளக்கப் போகிறோமோ அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டால், பாதை பின்னர் இடம் மாறியிருந்தாலும் படம் அதை மறைத்துவிடும்.

நகராத பொருள்கள் நம் ஊரில் ஏராளம். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் குளங்களின் நான்கு மூலைகள், புனித ஜார்ஜ் கோட்டையின் கொத்தளங்கள், ரிப்பன் மாளிகை, எழும்பூர் நிலையத்தின் கட்டடம் ஆகியவை போதுமான அளவு பழையவை, இன்றைய படத்திலும் கூர்மையாகத் தெரிபவை. உயரமான கட்டடமானால் உச்சியை எடுக்காமல் அடித்தளத்தின் மூலையை எடுக்க வேண்டும். சாய்ந்த கேமராவில் உச்சி விலகி விழும்.

அடுத்தது கேமராவின் இயல்பு. கரோனாவின் கேமரா பக்கவாட்டில் துடைத்துக்கொண்டே படம் எடுத்தது. ஒரு படத்தின் நீளம் தரையில் 180 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் ஓர் அளவு, ஓரங்களில் வேறு அளவு. முழுப் படத்தையும் ஒரே மூச்சில் பொருத்த முயன்றால் சாதாரண மென்பொருளில் சரியாக வராது. இராயபுரம் முதல் பெரம்பூர்வரை ஒரு துண்டு, எழும்பூர் முதல் கிண்டிவரை ஒரு துண்டு என்று வெட்டி, ஒவ்வொன்றையும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தனியாகப் பொருத்துங்கள். சில புள்ளிகளைப் பொருத்துவதற்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்து, கடைசியில் அவை எவ்வளவு விலகி விழுகின்றன என்று பாருங்கள். விலகல் நான்கு ஐந்து மீட்டர் என்றால் அந்தத் துண்டில் வெர்சைன் அளப்பதில் பொருளில்லை.

ஒப்பிடுவதற்கு இன்றைய பாதைகளின் மேல் ட்ரோன் பறக்கவிடலாமா என்ற எண்ணம் சிலருக்கு வரும். துறைமுகமும் விமான நிலையமும் உள்ள நகரத்தில் அது உரிய அனுமதியில்லாமல் கூடவே கூடாது, தேவையும் இல்லை. இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் படங்களே இந்த வேலைக்குப் போதும்.

பதில்: ஓய்வுபெற்ற பாதை ஆய்வாளர்

அம்மா சொன்ன பொருத்தும் முறையைக் கடைப்பிடியுங்கள். நான் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கடற்கரை–தாம்பரம் தடத்தில் வளைவுச் சோதனையால் பயன் பெரிதாக இராது. 2004-இல் கடைசி மீட்டர்கேஜ் மின்சார ரயிலும் நின்று, அந்தத் தடம் முழுவதும் அகலப்பாதையாகிவிட்டது. அதே கரையில் இன்று அகலப்பாதை ஓடுகிறதென்றால், வளைவுகள் பெரும்பாலும் முன்பே அதற்கு இடம் கொடுத்தவையாகத்தான் இருந்திருக்கும். பழைய படத்திலும் இன்றைய படத்திலும் வளைவு வேறுபட்டுத் தெரியும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கேஜ் மாற்றத்தின்போது பாதையை நகர்த்தியிருக்க வாய்ப்புள்ள இடங்கள் அவை.

தொடங்க வேண்டிய இடம் எது என்று கேட்டால், நான் பேசின் பிரிட்ஜைத்தான் சொல்வேன். 1856-இல் திறந்த முதல் பயணிகள் பாதை இராயபுரத்திலிருந்து மேற்கே வாலாஜா ரோடுவரை சென்றது. சென்ட்ரல் வந்தது 1873-இல். அதாவது இன்று நாம் கிளையாக நினைக்கும் இராயபுரம் தடமே தாய்த் தடம். சென்ட்ரல் தடம் பிறகு வந்து அதில் சேர்ந்தது. வடக்கே கூடூர் செல்லும் பாதை கொருக்குப்பேட்டை வழியாகப் பிரிகிறது. இப்படி மூன்று திசைப் பாதைகள் கூடும் இடத்தில் முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாவது பக்கம் இருந்தால் துறைமுகத்துச் சரக்கு வண்டி நிற்காமல் திரும்பிவிடும். இல்லையென்றால் வண்டியை நிறுத்தி, எஞ்சினைக் கழற்றி, மறுமுனையில் மாட்ட வேண்டும். அதற்காக அருகில் காத்திருப்புப் பாதைகள் பல போட்டிருப்பார்கள். படத்தில் சிக்கலான இழைகளாக உங்களுக்குத் தெரிபவற்றில் பல, அப்படி வண்டிகள் காத்துக்கிடந்த பாதைகளாக இருக்கக்கூடும்.

உங்கள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் பாதை வந்ததற்கான காரணமும் அந்த முக்கோணத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஜனவரி, மே படங்கள் இரண்டிலும் அந்தத் துண்டை வெட்டி இங்கே பதிவிடுங்கள். எந்தப் பக்கம் எந்த வேலைக்கு இருந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்துத் தருகிறேன்.