ஏலகிரி கேம்ப் – பெற்றோர் குழு

டிசம்பர், ஞாயிறு

ஸ்கவுட் சார் (காலை 9:10)
எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஸ்கவுட், கைடு பிள்ளைங்க ஏலகிரி மலைக்குக் கேம்ப் போறது ஜனவரி கடைசி சனி, ஞாயிறு. பசங்க 14, பொண்ணுங்க 10. கூட நானும் கைடு கேப்டன் மேடமும். பெற்றோர்ல ரெண்டு பேர் வேணும். யார் வர்றீங்கன்னு இன்னிக்கே சொல்லிடுங்க, டிக்கெட் போடணும்.

தருண் அப்பா (9:14)
நான் வர்றேன் சார்.

யாழினி அம்மா (9:15)
நானும் வர்றேன். லீவ் சொல்லிட்டேன்.

ஹரிணி அப்பா (9:31)
சார், ஜனவரியில ரிவிஷன் டெஸ்ட் இருக்கு. மார்ச் கடைசியில வச்சா பரீட்சை முடிஞ்சு பசங்க நிம்மதியா வருவாங்களே?

ஸ்கவுட் சார் (9:48)
மார்ச் வேண்டாம் சார். இதை கொஞ்சம் விளக்கமா சொல்றேன். தை முடிஞ்சா மலையில புல்லெல்லாம் காய்ஞ்சிடும். 2018 மார்ச் 11, தேனி பக்கம் குரங்கணி மலை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு குழு. இறங்கி வர்றப்போ தீயில மாட்டிக்கிட்டாங்க, 23 பேர் இறந்து போயிட்டாங்க. காய்ஞ்ச புல்லுல, காத்தடிக்கிற சரிவுல தீ மேல ஏறுற வேகத்துக்கு யாராலயும் ஓட முடியாது. அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குத் தனியா விதிகள் வந்துச்சு. 2025ல பிப்ரவரி 15லேருந்து ஏப்ரல் 15 வரைக்கும் வனத்துறை பாதைகளை மூடியே வச்சிருந்தாங்க. உங்க பிள்ளைங்களை அந்த மாசத்துல நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்.

ஹரிணி அப்பா (9:52)
புரியுது சார். ஜனவரியே இருக்கட்டும்.

கவின் அம்மா (9:55)
காட்டுக்குள்ள டென்ட் போட்டு தங்குவாங்களா சார்? கவின் அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கான்.

ஸ்கவுட் சார் (10:03)
இல்லம்மா. காட்டுக்குள்ள ராத்திரி தங்க மாட்டோம். ஊருக்குள்ள கேம்ப் மைதானத்துலதான் டென்ட். ஞாயிறு விடியக்காலை சுவாமிமலை ஏறி இறங்குறோம். ஏலகிரியிலயே உசந்தது அதுதான். வனத்துறையோட 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்துல பதிவு பண்ணிட்டா உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவாங்க. 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் கடிதம் வேணும். வர்ற ஞாயிறு ட்ரூப் மீட்டிங்குக்கு வர்றப்போ கையெழுத்து போட்டுக் குடுத்து அனுப்புங்க.

தருண் அப்பா (10:20)
டிக்கெட் விஷயம். போகும்போது கோவை எக்ஸ்பிரஸ், ஜோலார்பேட்டையில இறங்கணும். வரும்போது பிருந்தாவன். ஆன்லைன்ல ஒரு டிக்கெட்டுக்கு 6 பேர்தான். நாம 28 பேர், பெட்டி பெட்டியா பிரிஞ்சிடுவோம். ட்ரூப் லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் குடுங்க சார், கவுன்டர்ல போய் குரூப்பா கேட்டுப் பாக்கறேன். பயணத்துக்கு 60 நாள் முன்னாடியே முன்பதிவு திறந்துடும், நமக்கும் திறந்தாச்சு, லேட் பண்ண வேண்டாம்.

ஸ்கவுட் சார் (10:22)
நாளைக்குக் காலையில கடிதம் உங்க கையில இருக்கும் சார்.

நவீன் அம்மா (10:40)
நவீனுக்கு மலை வளைவுன்னாலே வாந்தி வரும் சார். ஏலகிரிக்கு எத்தனை வளைவு?

ஸ்கவுட் சார் (10:44)
14. வேன் ஏறறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வாந்தி மாத்திரை அவோமின் போட்டுக்கட்டும். உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. வேன்ல முன் சீட் அவனுக்குத்தான்.

ஹரிணி அப்பா (10:51)
நான் தமிழாசிரியர்ங்கறதால ஒரு யோசனை. அந்த வளைவுக்கெல்லாம் பாரதி, கம்பர், கபிலர், பாரி, ஓரி, பேகன்னு பேர் வச்சிருக்காங்க. ஒவ்வொரு போர்டு வரும்போதும் ஒரு பிள்ளை ஒரு வரி சொல்லட்டும். பாரின்னா முல்லைக்குத் தேர், பேகன்னா மயிலுக்குப் போர்வை, அதியமான்னா ஔவைக்கு நெல்லிக்கனி. போர்டைத் தேடி வெளியில பார்த்துட்டே வந்தா வாந்தியும் குறையும். ஹரிணிக்கு எழுதிக் குடுத்து அனுப்பறேன்.

ஸ்கவுட் சார் (10:53)
ரொம்ப நல்லா இருக்கு சார். கண்டிப்பா செய்யலாம்.

யாழினி அம்மா (11:05)
யாழினிக்கு வீசிங் இருக்கறது உங்களுக்குத் தெரியும். ஏறலாம்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா வேகமா ஏறச் சொல்லாதீங்க.

கைடு கேப்டன் மேடம் (11:09)
இன்ஹேலர் அவ பேக்ல மேல் பாக்கெட்லயே இருக்கட்டும், அடியில போட வேண்டாம். இன்னொண்ணு எங்கிட்ட குடுத்துடுங்க. அவதான் முன்னாடி நடப்பா, அவ வேகம்தான் எல்லாருக்கும் வேகம். மெதுவா நடக்கறவங்களைப் பின்னாடி விட்டா, முன்னாடி போறவங்க உக்காந்து இளைப்பாறிடுவாங்க, இவங்க வந்து சேர்ந்ததும் உடனே கிளம்புவாங்க. மெதுவா வர்ற பிள்ளைக்கு ஓய்வே கிடைக்காது. கடைசி ஆளா சார் வருவார், அவருக்குப் பின்னாடி யாரும் இருக்கக்கூடாது.
பொண்ணுங்க அம்மாக்களுக்குத் தனியா மெசேஜ் போடறேன்.

யாழினி அம்மா (11:10)
மேடம், ராத்திரியெல்லாம் இதையே நினைச்சிட்டிருந்தேன். நன்றி.

ஜனவரி, புதன்

ஸ்கவுட் சார் (இரவு 7:30)
டிக்கெட் கன்ஃபர்ம். இப்போ பேக். பிள்ளை எடையில அஞ்சுல ஒரு பங்கு, அதுக்கு மேல ஒரு கிலோகூட வேண்டாம். 2 லிட்டர் தண்ணியும் அதுலதான் சேர்த்தி. கனமானது முதுகை ஒட்டி, நடுவுல. புது ஷூ வாங்காதீங்க, வாங்கியிருந்தா இன்னிலேருந்தே போட்டு நடக்கட்டும், இல்லைன்னா பாதி மலையில கொப்புளம் வந்துடும். எல்லாரும் பேக்கை எடை போட்டு இங்க சொல்லுங்க.

நவீன் அம்மா (8:02)
நவீன் 42 கிலோ. பேக் 7.8.

தருண் அப்பா (8:10)
தருண் 45. பேக் 8.1. அவனே கட்டினான், நான் தொடலை.

கவின் அம்மா (8:26)
கவின் 38 கிலோ. பேக் 11.4 வருது சார்.

ஸ்கவுட் சார் (8:28)
7.6 தாண்டக்கூடாதும்மா. உள்ள என்னென்ன இருக்கு?

கவின் அம்மா (8:33)
ரஜாய், ஜீன்ஸ் ரெண்டு, ஸ்வெட்டர், பெரிய துண்டு, எவர்சில்வர் டப்பாவுல முறுக்கு. ராத்திரி குளிருமே சார், இவன் வீட்டுலயே இழுத்துப் போத்திட்டுத்தான் தூங்குவான்.

ஸ்கவுட் சார் (8:37)
குளிரும்தான். அதுக்கு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, மெல்லிசா ஒரு போர்வை போதும். டென்ட்ல ஆறு பேர் ஒட்டித்தான் படுப்பாங்க. ஜீன்ஸ் பனியில நனைஞ்சா காயாது, டிராக் பேன்ட் வைங்க. குளிக்கற துண்டுக்குப் பதில் ஈரிழைத் துண்டு.

கவின் அம்மா (9:15)
8.8. முறுக்கு டப்பாவை மட்டும் எடுக்க மனசு வரலை. எல்லாப் பிள்ளைங்களுக்கும் சேர்த்து சுட்டது.

கைடு கேப்டன் மேடம் (9:18)
எடுக்க வேண்டாம் அக்கா, டப்பாவை மட்டும் விடுங்க. முறுக்கை நாலு பொட்டலமா கட்டிடுங்க. அரிசி, கயிறு, முதலுதவிப் பெட்டி மாதிரி அதுவும் பொதுச்சுமைதான். அணிக்கு ஒண்ணா நாலு அணித்தலைவர்களும் ஸ்டேஷன்ல வாங்கிக்குவாங்க. குரங்கு பாக்காம பத்திரமா வச்சுக்கணும்னு சொல்லிடறேன்.

கவின் அம்மா (9:41)
கட்டிட்டேன். இப்போ 7.5 சார். அவனே தூக்கிட்டு மாடிப்படி மூணு தடவை ஏறி இறங்கிட்டான்.

ஸ்கவுட் சார் (9:43)
அருமை. ஹரிணி பேக்கும் மத்தவங்க பேக்கும் பாக்கி.