20எம்என்சிஆர்5 கியரில் கலப்பு கிரெயின், அவசரம்

கியர்_குமரன்: வணக்கம். கார்புரைசிங் (சூட்டில் மேற்பரப்பில் கார்பன் ஏற்றுவது) முடிந்த 20எம்என்சிஆர்5 (மாங்கனீஸ், குரோமியம் கலந்த உருக்கு) கியரை வெட்டிப் பார்த்தால் கிரெயின் (உருக்கின் படிகத் துகள்) கலந்து கிடக்கிறது, அளவெண் பெரும்பாலும் 8, அங்கங்கே 2, 3 (எண் சிறிதானால் கிரெயின் பெரிது). வாடிக்கையாளர் கேட்பது 5 முதல் 8. போன லாட் வரை பிரச்சினையே இல்லை. டிசியில் (மில் தரும் சோதனைச் சான்றிதழ்) அலுமினியம் சரியாகத்தான் இருக்கிறது. குரோமியம் கூடினால் கிரெயின் வளருமா? நாளை டிஸ்பேட்ச்.

உலைவாசி: எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம்? ஃபோர்ஜிங்குக்குப் பிறகு நார்மலைசிங்கா (சூடாக்கிக் காற்றில் ஆறவிடுவது), ஐசோதெர்மலா (இடையில் ஒரே சூட்டில் நிறுத்தி ஆறவிடுவது)? 'சரி' என்றால் எவ்வளவு? நைட்ரஜன்?

தெர்மோகப்பிள்தாசன்: டிசியை விடுங்கள், உலையின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளை மாற்றுங்கள். மீட்டர் 930 காட்டும், உள்ளே 970 ஓடும்.

உலோக_ஐயா: தம்பி, இது இரண்டாம் ஆண்டுப் பாடம். குரோமியமும் மாங்கனீஸும் கடினமாகும் ஆழத்துக்கு. கார்புரைசிங் சூட்டில் கிரெயினைப் பிடித்து நிறுத்துவது நுண்ணிய அலுமினியம் நைட்ரைடு துகள்கள். அலுமினியம் மட்டும் இருந்து பயனில்லை, கூடவே 80 முதல் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நைட்ரஜன் வேண்டும். பிடி ஓரிடத்தில் விட்டால் அங்குள்ள கிரெயின் பக்கத்தில் உள்ளவற்றைத் தின்று வளரும், நீங்கள் பார்த்தது அதைத்தான்.

கியர்_குமரன்: 930, 6 மணி நேரம். ஐசோதெர்மல்தான். அலுமினியம் 0.031 சதவீதம். நைட்ரஜன் டிசியில் இல்லை. ஆனால் இந்த முறை மில் வேறு.

உலைவாசி: அதை இப்போதா சொல்வது! டைட்டானியம், போரான் பாருங்கள். போரானை நைட்ரஜனிடமிருந்து காப்பாற்ற டைட்டானியம் போடுவார்கள், அது நைட்ரஜனை முந்திக்கொண்டு கட்டிவிடும். எடையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 3.4 பங்கு டைட்டானியம். அதாவது 60 பிபிஎம் நைட்ரஜனை விழுங்க 0.02 சதவீத டைட்டானியமே போதும். அப்புறம் அலுமினியம் 0.031 இருந்து என்ன, கூட்டாளி இல்லாமல் சும்மா கரைந்து கிடக்கும்.

பிளேட்மில்_ராஜா: டைட்டானியத்தின் மேல் பழி போடாதீர்கள். எங்கள் பிளேட்டில் (உருக்குத் தகடு) 0.012 போடுகிறோம், வெல்டிங் ஓரத்தில் அவ்வளவு சூட்டிலும் கிரெயினை அடக்கி வைப்பது அதுதான்.

உலோக_ஐயா: பிளேட்காரர்கள் கியர் பக்கம் வந்தாலே இந்தப் பேச்சுதான். அளவு கூடினால் உருக்கு உறைவதற்கு முன்பே பெரிய பெரிய டைட்டானியம் நைட்ரைடு உருவாகும். மைக்ராஸ்கோப்பில் ஆரஞ்சு நிறச் சதுரமாகப் பார்த்ததில்லையா? கிரெயினைப் பிடிக்காது, பல்லின் அடியில் விரிசலுக்கு மட்டும் வழி விடும். வேண்டுமானால் நயோபியம் 0.03 போடச் சொல்லுங்கள்.

பிளேட்மில்_ராஜா: கூடினால் என்றுதானே சொல்கிறீர்கள்? டைட்டானியம்-நைட்ரஜன் விகிதம் 3.4க்குக் கீழே இருந்து, வார்ப்பு வேகமாக உறைந்தால் துகள் பொடியாகத்தான் வரும். நயோபியத்துக்குக் காசு நீங்கள் தருவீர்களா?

கியர்_குமரன்: டைட்டானியம் 0.034, போரான் 0.002. நைட்ரஜன் கேட்டு மில்லுக்கு மெயில் போட்டாச்சு. லாட்டை நிறுத்தி வைத்திருக்கிறோம். நன்றி.

உலைவாசி: அப்போ உங்களுக்கு வந்தது போரான் ஸ்டீல். பழைய ஹீட்டில் (மில்லில் ஒரே உருக்கலில் வந்த உருக்கு) ஒரு துண்டு, புதியதில் ஒரு துண்டு, இரண்டையும் ஒரே சார்ஜில் (உலையில் ஒரு தடவை ஏற்றும் சரக்கு) பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். புதியது மட்டும் வளர்ந்தால் உலைமேல் தப்பில்லை.

தெர்மோகப்பிள்தாசன்: அதே சார்ஜில் புதுத் தெர்மோகப்பிள் ஒன்றும் வையுங்கள்.