பின்கட்டில் புதைந்திருந்த ஜாடி: எந்த ஊர்ச் சாமான், எதற்காகப் புதைத்தார்கள்?

கேள்வி: பின்கட்டு

தேவகோட்டைக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டில் மழைநீர்த் தொட்டி கட்டுவதற்காகப் பின்கட்டை ஒட்டிய தோட்டத்தில் சென்ற வாரம் குழி தோண்டியபோது, முதலில் ஒரு கருங்கல் பலகையும், அதன் கீழே வாய்விளிம்பு வரை மண்ணில் புதைந்திருந்த ஒரு பெரிய ஜாடியும் வெளிப்பட்டன. சுற்றிலும் மண்ணை விலக்கி, சாக்கும் கயிறும் கட்டி, நான்கு பேர் சேர்ந்து அதைத் தூக்கினோம். உயரம் 74 செ.மீ.; வயிறு அகன்ற இடத்தில் குறுக்களவு 60 செ.மீ.; வாய் 34 செ.மீ. வெளிப்புறம் முழுவதும் கரும்பழுப்பு நிற மெருகு. தோள்பட்டையைச் சுற்றி மஞ்சள் கலந்த நிறத்தில் ஒரு கொடிக்கோலம். காது, கைப்பிடி, முத்திரை எதுவும் இல்லை. உள்ளே இருந்தது மண் மட்டுமே; புதையலை எதிர்பார்த்துக் கூடிய அண்டை வீட்டார் சற்று நேரத்தில் கலைந்துவிட்டார்கள்.

மூன்று செய்திகள் எனக்கு விளங்கவில்லை. உட்புறத்தில் மேல் கால்பகுதி மெருகு பளபளவென்று இருக்க, அதற்குக் கீழே மெருகு மங்கிச் சொரசொரப்பாகி, வெள்ளைக் காரை படிந்திருக்கிறது. வாய்விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் கை வைத்தால் வழுக்கும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. ஜாடியைத் தூக்கியபோது அதன் அடியில் 1936 என்று பொறித்த ஒரு காலணா கிடைத்தது. இந்த ஜாடி எங்கே செய்யப்பட்டது, எதற்காகப் புதைக்கப்பட்டது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: செம்மண்

மண்ணுக்குள் இவ்வளவு பெரிய பாத்திரம், மேலே கல்மூடி என்றால் அது முதுமக்கள் தாழியாகத்தான் இருக்கும். ஆதிச்சநல்லூரில் கிடைத்தவையும் இப்படித்தானே இருந்தன? தயவுசெய்து மேற்கொண்டு தோண்டாதீர்கள்.

பதில்: ஓடு பொறுக்கி

தாழி என்று சொன்னவருடைய எச்சரிக்கை உணர்வைப் பாராட்டுகிறேன். ஆனால் இது தாழி அன்று. தாழிகள் குறைந்த சூட்டில் சுட்ட, நீரை உறிஞ்சும் மண்பாண்டங்கள். அவற்றில் கண்ணாடிபோல் உருகிப் படிந்த மெருகு இருக்காது. தாங்கள் விவரிப்பது ஏறத்தாழ 1200 பாகை செல்சியஸில் சுட்டுக் கல்லைப்போல் இறுகிய பாண்டம். நம் வீடுகளில் பேச்சுவழக்கில் அதையும் பீங்கான் என்றே சொல்லிவிடுகிறோம். சந்தேகம் இருந்தால் இரண்டு சோதனைகள் போதும். விரல்முட்டியால் தட்டினால் மண்பானை மந்தமாக ஒலிக்கும், இறுகிய பாண்டம் கணீரென்னும். மெருகில்லாத அடிப்பகுதியைக் கழுவிக் காயவைத்து ஒரு சொட்டு நீர் விட்டால், மண்பானை உடனே குடித்துவிடும்; இது குடிக்காது.

வயதைக் கணிக்கும் முன் அடிப்பகுதியையும் உட்புறத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். பழைய பொருளை வாங்குகிறவர்கள் மேலே உள்ள கோலத்தைப் பார்த்து மயங்குகிறார்கள்; என் அனுபவத்தில் ஜாடியின் உண்மையைச் சொல்வது அதன் பிட்டம்தான். செங்குத்தாக ஒரு வார்ப்புத் தையல் ஓடினால் அது அச்சில் வார்த்த ஆலைச் சரக்கு. உள்ளே கையை விட்டுத் தடவும்போது இடுப்பளவில் கிடைவாக ஒரு மேடு தட்டுப்பட்டால், குயவர் அதை இரண்டு மூன்று துண்டுகளாக வனைந்து ஒட்டியிருக்கிறார் என்று பொருள். இவ்வளவு பெரிய ஜாடியை ஒரே மூச்சில் சக்கரத்தில் எழுப்புவது கடினம். மேல்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெள்ளையுமாக இருக்கும் ஊறுகாய் ஜாடிகளுடன் இதைக் குழப்ப வேண்டாம். அந்த இருநிற மெருகு 1835 அளவில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உருவாகி, பிறகு இந்திய ஆலைகளுக்கும் வந்தது.

பதில்: தாலுகா

ஜாடி எதுவாக இருந்தாலும் ஒரு குறிப்பு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்றுவரை அப்படியே இருப்பது வேறு கதை. வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். பின்னால் யாரும் கேள்வி கேட்க இடமிருக்காது.

பின்கட்டு

கடிதம் கொடுத்துவிட்டேன், ஐயா. தட்டினால் கணீரென்கிறது, அடியில் விட்ட நீர்ச்சொட்டு அப்படியே உருண்டு நின்றது. வார்ப்புத் தையல் இல்லை. உள்ளே இரண்டு இடங்களில் கிடைவான மேடு தட்டுப்படுகிறது. அடிப்பகுதி தட்டையானது, செங்காவி நிறம், மணல் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. உறவினர் ஒருவர் இது சீன ஜாடி என்றும், நானூறு ஆண்டுப் பழமை என்றும், விற்றால் பெருந்தொகை வரும் என்றும் உறுதியாகச் சொல்கிறார்.

பதில்: மோல்மீன் பேரன்

உறவினரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். சீன ஜாடிகள் நம் கரைக்கு வந்தது உண்மைதான். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஆனால் கப்பலில் சரக்கு ஏற்றிவந்த பழைய ஜாடிகளுக்குப் பெரும்பாலும் தோளில் நான்கு முதல் ஆறு காதுகள் இருக்கும். மூடியை இறுக்கிக் கட்டக் கயிறு கோக்க வேண்டுமே. தங்கள் ஜாடிக்குக் காதே இல்லை. அகன்ற வாய், கரும்பழுப்பு மெருகு, அதன்மேல் மஞ்சள் கொடிக்கோலம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது பர்மா, அதிலும் மண்டலேக்கு வடக்கே ஐராவதிக் கரையில் உள்ள சௌக்மியாங். அங்கே இன்றும் இப்படிப்பட்ட பெரிய ஜாடிகளை வனைகிறார்கள். முற்காலத்தில் அவற்றை வாய்மூடி, வரிசையாகக் கட்டித் தெப்பமாக்கி, ஆற்றோடு மிதக்கவிட்டே கீழ்நாட்டுச் சந்தைகளுக்குக் கொண்டுபோவார்களாம். சரக்கே தோணியும் ஆகிவிடுகிறது!

பர்மிய ஜாடி இந்தியப் பெருங்கடல் எங்கும் அறிந்த பொருள். சால்வின் ஆற்று முகத்தில், மோல்மீனுக்கு நேரெதிரே உள்ள மர்த்தபான் துறைமுகத்தின் பெயரே வடநாட்டில் ஊறுகாய் ஜாடிக்கு ‘மர்தபான்’ என்று நிலைத்துவிட்டது. இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றை உப்பிலிட்டு நிரப்பிய மர்தபான்களை 14ஆம் நூற்றாண்டிலேயே இபின் பட்டூட்டா குறிப்பிடுகிறார். தங்கள் குடும்பத்தில் யாராவது பர்மாவில் கடை வைத்திருந்தார்களா?

பின்கட்டு

என் பாட்டையா மோல்மீனில் லேவாதேவிக் கடை நடத்தியவர். கடைசியாக 1942இல் ஜப்பானியர் வருவதற்குச் சற்று முன் ஊர் திரும்பினார் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் காலணாவை வைத்து, ஜாடி 1936இல் செய்யப்பட்டது என்று கொள்ளலாமா?

பதில்: ஓடு பொறுக்கி

கொள்ளக்கூடாது. ஜாடியின் வயது வேறு, அது மண்ணுக்குள் போன காலம் வேறு. அடியில் 1936ஆம் ஆண்டுக் காசு கிடப்பதால், அந்த ஆண்டுக்கு முன்னால் ஜாடியைப் புதைத்திருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி; காலணா பல ஆண்டுகள் புழங்கியபின் அங்கே விழுந்திருக்கலாம், அல்லது புதிதாகக் குழி தோண்டும்போது நல்லதற்கென்று வைத்திருக்கலாம். ஜாடி அதற்கு இருபது முப்பது ஆண்டுகள் முன்பே வனையப்பட்டிருக்கவும் கூடும். 1942இல் கால்நடையாகத் தப்பி வந்தவர்களால் இதைச் சுமந்திருக்க முடியாது என்பதால், அமைதியான காலத்தில் கப்பலில் ஏற்றப்பட்ட சாமான் என்று கொள்வது பொருத்தம்.

எனக்கு இன்னும் பிடிபடாதது அந்த மங்கிய உட்புறம்தான். புளிப்பான ஏதோ ஒன்று, ஒரே மட்டத்தில், பல ஆண்டுகள் நின்றிருக்கிறது. ஊறுகாய் என்றால் எடுக்க எடுக்க மட்டம் குறையும். எனவே நாள்தோறும் நிரப்பப்பட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

பதில்: மோல்மீன் பேரன்

ஓர் எச்சரிக்கையை மறந்துவிட்டேன். பர்மியக் குயவர்கள் மெருகில் ஈயம் கலந்த கசடைச் சேர்ப்பது வழக்கம். புளிப்பு பட்டால் ஈயம் கரைந்து இறங்கும். மெருகு மங்கியிருப்பது அதற்கும் அடையாளமாக இருக்கலாம். எவ்வளவு கழுவினாலும் இதில் ஊறுகாயோ குடிநீரோ வைக்காதீர்கள்.

பின்கட்டு

விடை கிடைத்துவிட்டது; வெளியே தேடியது வீட்டுக்குள்ளேயே இருந்தது. எண்பத்தெட்டு வயதாகும் எங்கள் அப்பத்தா மதுரையிலிருந்து நேற்று வந்தார். ஜாடியைப் பார்த்ததும், “இதை ஏன்டா தோண்டி எடுத்தீங்க, குளுதாடிடா இது” என்றார்.

அவர் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது பின்கட்டில் மூன்று பசுக்கள் இருந்தனவாம். அரிசி கழுவிய நீரும் வடித்த கஞ்சியும் காய்கறித் தோலும் காலையும் மாலையும் இந்த ஜாடியில் விழும். மாடு முட்டிக் கவிழ்த்துவிடாமல் இருக்கவே கழுத்துவரை மண்ணில் இறக்கியிருக்கிறார்கள். மண்ணால் செய்த பழைய குளுதாடி உடைந்துபோனபோது, சரக்கறையில் சும்மா கிடந்த பர்மா ஜாடியைப் பாட்டையாதான் எடுத்துக் கொடுத்தாராம். கொட்டகைப் பக்கமாகக் கழுத்தை நீட்டி மாடுகள் குடித்த இடமே தேய்ந்துபோன அந்த விளிம்பு. கடைசிப் பசுவை விற்றபின், குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதென்று மண்ணைக் கொட்டிக் கல்லால் மூடிவிட்டார்கள்.

காலணாவைப் பற்றி அப்பத்தாவுக்கு எதுவும் தெரியவில்லை. ஈயத்தைப் பற்றிச் சொன்னதும், அந்த மூன்று பசுக்களும் நன்றாகப் பால் கறந்தன என்று கோபித்துக்கொண்டார். ஜாடியை முகப்பில் வைக்கலாம் என்றேன். மாடு குடித்ததை வாசலில் வைப்பார்களா என்று மறுத்துவிட்டார். இப்போதைக்கு அது கிணற்றடியில் இருக்கிறது.