நிற்கும்போது சரியாகத் தெரிந்த ஓலியோ கால்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

இரவுப்பணி:
பணியை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும், ஒரு டர்போபிராப் (டர்பைன் இயந்திரம் விசிறியைச் சுழற்றும்) விமானத்தின் வலது ஓலியோ காலில், அதாவது எண்ணெயும் நைட்ரஜனும் அடைத்துத் தரையிறங்கும் அதிர்ச்சியைத் தாங்கும் சக்கரக் காலில், நான் நைட்ரஜன் ஏற்றிய இரவு உறுத்திக்கொண்டே இருக்கிறது. குரோம் தண்டு வெளியே இரண்டு விரல் அகலமே தெரிந்தது. விடியற்காலையில் புறப்பாடு இருந்ததால் மூத்தவர், "ஏற்றி மட்டத்துக்குக் கொண்டுவா தம்பி" என்றார். இடது காலுக்குச் சமமாக நிற்கும்வரை ஏற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அது தரையிறங்கியபோது, இரும்புத் தூணைச் சம்மட்டியால் அடித்ததுபோல் ஓர் ஓசை எழுந்தது. ஜாக்கியில் தூக்கி வால்வைத் திறந்தோம். நைட்ரஜன் சீறி முடிந்தபின் சிவப்பு எண்ணெய் நுரையாக இரண்டு முறை துப்பிவிட்டு நின்றது. பிறகு அந்தக் காலுக்குள் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் எண்ணெய் இறங்கியது.

முதல்சோலோ:
எனக்கு நேர்ந்தது சிறியது. செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தின் மூக்குச் சக்கரத்தில் மட்டுந்தான் ஓலியோ உண்டு. பின்கால்கள் வெறும் எஃகு வில். ஒரு நாள் மூக்கு தாழ்ந்திருந்ததைக் கண்டும், தாமதமாகிவிடும் என்று ஓட்டிச்சென்றேன். பயிற்றுநர் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, விசிறியின் நுனிக்கும் தரைக்கும் இடையே தம் கையை நீட்டிக் காட்டியதை மறக்கவில்லை. ஈரமான ஓடுதளத்தில் பஞ்சுபோல் இறக்குவதைத் திறமை என்று எண்ணுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல பெரிய விமானங்களில், தரையிறங்கியதும் கால் அமுங்கியதையோ சக்கரங்கள் சுழல்வதையோ உணர்ந்த பிறகே, வேகத்தைக் குறைக்க இறக்கை மேலுள்ள தடுப்புப் பலகைகள் தாமாக எழும். 1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் லுஃப்தான்சா நிறுவனத்தின் ஏ320 விமானம் வலது காலில் இறங்கி, இடது கால் ஏறக்குறைய 9 விநாடிகள் கழித்தே தரையைத் தொட்டதால், பலகைகளும் வேகத்தைக் குறைக்க இயந்திரங்கள் எதிர்த்திசையில் தரும் உந்துவிசையும் தாமதமாயின. விமானம் ஓடுதளத்தின் முடிவைத் தாண்டி மண்மேட்டில் மோதியது, இருவர் இறந்தனர். ஆகவே மழையில் சற்று அழுத்தியே இறக்குங்கள்; கால் அதற்காகத்தான் இருக்கிறது.

அளவுமானி:
முதல் பதிவுக்கு வருகிறேன். அழுத்தமானியை வைத்துப் பார்த்திருந்தால் எண்ணெய்க் குறைவு அன்றே தெரிந்திருக்கும். கண்ணளவை நம்பியதுதான் பிழை.

இரவுப்பணி:
தெரிந்திருக்காது, ஐயா. நிற்கும் காலுக்குள் இருக்கும் அழுத்தம், அதன்மேல் ஏறிய பாரத்தைப் பிஸ்டனின் பரப்பால் வகுத்தால் வருவது. உள்ளே எண்ணெய் அரைவாசி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் மானி ஒரே எண்ணைத்தான் காட்டும். உயரமும் அப்படியே, எண்ணெய் விட்ட இடத்தை நைட்ரஜன் நிரப்பிவிடும். தரையிறங்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். பிஸ்டன் மேலேறுகையில் எண்ணெய் சிறு துளை வழியாகப் பிதுங்க வேண்டும். நுனியில் கூர்ந்து அடியில் தடித்த ஊசி ஒன்று, கால் அமுங்க அமுங்க அந்தத் துளையைக் குறுக்கும். மோதலின் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாகக் கரையும். துளையில் எண்ணெய்க்குப் பதிலாக நுரை நுழைந்தால் தடை ஏது? நைட்ரஜன் வெறும் வில். வாங்கியதை அப்படியே திருப்பித் தரும். எரிபொருள் நிரப்பும் முன்பும் பின்பும் உயரத்தை அளந்திருந்தால் மட்டும், அந்தக் கால் தேவைக்கு மேல் தாழ்வதைக் கண்டிருக்கலாம்.

அளவுமானி:
அழுத்தம் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றரை லிட்டர் ஒரே இரவில் மறையாதே, அது எங்கே போயிற்று?

இரவுப்பணி:
சீல் கசிந்திருந்தது. குரோம் தண்டைச் சுற்றித் தூசியோடு படிந்த சிவப்பு வளையத்தை ஒவ்வொரு இரவும் துணியால் துடைத்துப் பளபளக்க வைத்தவர்களுள் நானும் ஒருவன்.