'மாத்திரம்' என்ற ஒரு சொல்லைக் குறித்து உதவி வேண்டும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

1994-இல் அமெரிக்காவில் சுவிசேஷக புராட்டஸ்டண்டு தலைவர் சார்லஸ் கோல்சனும் கத்தோலிக்கக் குரு ரிச்சர்ட் ஜான் நியூஹாஸும் முன்னின்று உருவாக்கிய சுவிசேஷக புராட்டஸ்டண்டுகள்–கத்தோலிக்கர் கூட்டறிக்கையைப் பற்றி எங்கள் வேதபாட வகுப்பில் பேச ஆயத்தப்படுகிறேன். கிறிஸ்துவினிமித்தம், கிருபையினாலே விசுவாசத்தின் மூலம் நீதிமானாக்கப்படுகிறோம் என்று அறிக்கையிடும் அந்த வாக்கியத்தில் 'விசுவாசத்தினாலே மாத்திரம்' என்பது இல்லை, புராட்டஸ்டண்டு போதகர்களான ஆர். சி. ஸ்ப்ரௌலும் ஜான் மெக்ஆர்தரும் அதை எதிர்த்ததற்கு அதுவே முக்கியக் காரணம். ஆனால் புராட்டஸ்டண்டு சீர்திருத்த உபதேசத்தில் உறுதியாக நின்ற இறையியலாளர் ஜே. ஐ. பேக்கர் கையொப்பமிட்டார் என்பதே என்னை வெகுவாக வருத்தப்பட வைக்கிறது.

1997-இல் வந்த இரண்டாம் அறிக்கை அந்தச் சொல்லுக்கு இடம் கொடுத்தாலும், கிறிஸ்துவின் நீதி நமக்கு எண்ணப்படுவதைப் பின்னர் பேசவேண்டிய விஷயமாகத் தள்ளிவைத்தது. "அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது" என்று ரோமர் 4:3 சொல்லியிருக்க, அதைத் தள்ளிவைப்பது எனக்குச் சரியாகப்படவில்லை.

பேக்கர் தாம் கையொப்பமிட்டதற்குக் கூறிய காரணங்களையும், 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் நீதிமானாக்கப்படுதலைக் குறித்து வெளியிட்ட தீர்மானத்தையும் தமிழில் நிதானமாக விளக்கும் கட்டுரையோ பிரசங்கமோ உங்களிடம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். கையொப்பமிட்டவர்கள் பக்கம் நிற்பவர்களும் தங்கள் நியாயத்தை எழுதினால், அதை வகுப்பில் அப்படியே வாசிப்பேன்.